குழந்தைகளோடு, குறைந்த செலவில் வீடு மாறுவது எப்படி?

முதல் தடவையாகக் குழந்தைகளை வைத்துக்கொண்டு வீடு மாறப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கையில் பணம் அதிகம் இல்லை, உதவிக்கும் ஒன்றிரண்டு பேர்தான் வருவார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

வீடு மாறும் செலவு மூன்று விஷயங்களைப் பொறுத்தது: எவ்வளவு சாமான், எவ்வளவு தூரம், எந்த நாள். தூரத்தை ஒன்றும் செய்ய முடியாது. சாமானும் நாளும் பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கின்றன. ஆனால் அதற்கு நேரம் வேண்டும். ஆறு வாரம் முன்னால் ஆரம்பித்தால் இலவசமாகப் பெட்டி தேடலாம், வேண்டாததை நல்ல விலைக்கு விற்கலாம், மூன்று வண்டிக்காரர்களிடம் வாடகை விசாரிக்கலாம். மூன்று நாள் முன்னால் ஆரம்பித்தால் கேட்ட தொகையைக் கொடுக்க வேண்டியதுதான். குழந்தைகள் விஷயமும் அப்படியே. அவர்களுக்கு இந்த மாற்றத்தைச் சுலபமாக்கும் காரியங்களில் எதற்குமே அநேகமாகக் காசு தேவையில்லை. எல்லாவற்றுக்கும் நேரம் மட்டும் தேவை.

முதல் வேலை: தூக்கிப் போவதைக் குறைப்பது

அளவு நாடாவை எடுத்துக்கொண்டு புது வீட்டுக்குப் போங்கள். வாசல் அகலம், படிக்கட்டு திரும்பும் இடம், லிஃப்ட் இருந்தால் அதன் கதவும் உள் உயரமும், கட்டில் போடப் போகும் சுவர், இவற்றை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து பெரிய சாமான்களை அளந்து பாருங்கள். வாசலில் நுழையாத சோபாவைச் சுமந்து போனதற்கும் கூலி கொடுத்தாக வேண்டும். திருப்பி எடுத்துப் போவதற்கு இன்னொரு கூலி.

அப்புறம் ஒவ்வொரு பெரிய பொருளையும் பார்த்து ஒரு கணக்குப் போடுங்கள். இதைக் கழற்றி, ஏற்றி, இறக்கி, மறுபடி பூட்டுவதற்கு ஆகும் செலவு அதிகமா? அங்கே போய் இதே மாதிரி ஒன்றைப் பழையதாக வாங்கும் செலவு அதிகமா? பக்கத்துத் தெருவுக்குப் போகிறவருக்கு ஆடும் மேசையைக்கூட எடுத்துப் போவது லாபமாக இருக்கலாம். பல நூறு கிலோமீட்டர் போகிறவருக்கு உறுதியான மர அலமாரிகூட நஷ்டமாக முடியலாம். சட்டம் தளர்ந்த பழைய பலகைச் சாமான்கள் ஒரு முறை கழற்றினால் திரும்பச் சரியாகப் பூட்டிக்கொள்வதில்லை. அவற்றை இருக்கும் இடத்திலேயே விற்றுவிடுவது நல்லது. விற்பதானால் நான்கைந்து வாரம் முன்பே அறிவித்துவிடுங்கள். வாங்குபவரே வந்து தூக்கிப் போக வேண்டும் என்பதையும் அதிலேயே சொல்லிவிடுங்கள்.

சமையலறை அலமாரியில் இருக்கும் மளிகை, சோப்பு, சுத்தம் செய்யும் திரவங்கள் எல்லாம் நினைப்பதைவிட அதிக எடை. கடைசி மாதத்தில் புதிதாக வாங்குவதைக் குறைத்து, இருப்பதைத் தீர்த்துவிடுங்கள்.

குழந்தைகளின் சாமான்களில் மட்டும் அவசரப்பட வேண்டாம். சின்னதாகிப்போன உடுப்பு, உடைந்த பொம்மை இவற்றை ஒதுக்குவதில் பிரச்சினை இல்லை. ஆனால் குழந்தை தூங்கியபிறகு பொம்மைக் கூடையைக் காலி செய்யும் பழக்கம், வீடு மாறும் சமயத்தில் கட்டாயம் வேண்டாம். அந்தக் குழந்தை ஏற்கெனவே தன் அறையை, தெருவை, கூட விளையாடும் பிள்ளைகளை விட்டுவிட்டு வரப்போகிறது. புது வீட்டில் பெட்டியைத் திறந்து, தேடிய பொம்மை இல்லை என்றால், வேறு என்னவெல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போகும் என்ற பயம் வரும். அதனால் உட்கார வைத்து, கூடவே இருந்து பிரியுங்கள்: வைத்துக்கொள்வது, கொடுப்பது, தெரியவில்லை என்று மூன்று குவியல். 'தெரியவில்லை' குவியல் அப்படியே கூட வரட்டும், ஒரு பெட்டிதான். எட்டு, ஒன்பது வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளானால் தங்கள் பழைய பொருள்களை விற்கவிட்டு, அந்தப் பணத்தை அவர்களிடமே கொடுத்துவிடலாம். இதைச் சொன்னதும் குறைக்கும் வேலையை அவர்களே இழுத்துப்போட்டுக்கொண்டு செய்வார்கள்.

புது வீட்டுக்குப் பழைய சாமான் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. மூட்டைப்பூச்சி ரத்தம் குடிக்காமலே பல மாதம் உயிரோடு இருக்கும். 'ரொம்ப நாளாகச் சும்மா கிடந்த மெத்தைதான்' என்பது ஒரு உத்தரவாதமே இல்லை. தையல் ஓரங்கள், கட்டில் மூட்டுகள், சோபாவின் அடித்துணி இவற்றில் கரும்புள்ளிகள் இருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். துணிகளை 60 டிகிரி சூட்டில் துவைத்தால் பூச்சியும் முட்டையும் சாகும். மெத்தையை அப்படித் துவைக்க முடியாது. என்னைக் கேட்டால் பழைய மெத்தை மட்டும் வாங்கவே வேண்டாம்.

நாள், வண்டி, ஆள்

மாதக் கடைசி, வார இறுதி, பள்ளி விடுமுறை, இந்த மூன்றிலும் எல்லோரும் மாறுவார்கள், வண்டி வாடகை ஏறும். மாத நடுவில் ஒரு வேலை நாள் கிடைத்தால் பேரம் பேசலாம். பள்ளியை உத்தேசித்து நீண்ட விடுமுறையின் ஆரம்பத்திலேயே மாறிவிடுவது பலருடைய வழக்கம். அப்படிப் போனால் புது இடத்தில் பள்ளியும் இல்லாமல், தெரிந்தவர்களும் இல்லாமல் பிள்ளை பல வாரம் வீட்டுக்குள்ளேயே இருக்க நேரிடும். விடுமுறை முடிய இரண்டு மூன்று வாரம் இருக்கும்போது மாறுவது எனக்குச் சரியாகப் படுகிறது. வீடு பழக அது போதும். ஏங்கும் அளவுக்கு நீளவும் செய்யாது.

சாமான்களின் பட்டியல் ஒன்று எழுதி, பெரிய பொருள்களைப் போட்டோ எடுத்து, அதே பட்டியலை மூன்று பேரிடம் காட்டி விலை கேளுங்கள். ஆளுக்கொரு பட்டியல் சொன்னால் விலைகளை ஒப்பிட முடியாது. கேட்டுக்கொள்ள வேண்டியவை: மாடிக்குத் தனிக் கூலி உண்டா, வண்டி வாசல் வரை வராவிட்டால் என்ன, காத்திருந்தால் மணிக்கு எவ்வளவு, கட்டில் பீரோ கழற்றிப் பூட்டுவது யார், உடைந்தால் யார் பொறுப்பு. பதில்களைக் கைபேசிச் செய்தியாகவாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். பேசிய தொகைக்கு மேல் வருவதெல்லாம் பெரும்பாலும் மாடி, தூரம், காத்திருப்பு என்ற மூன்றில்தான் வருகிறது.

முழுச் சேவை எடுக்க வசதி இல்லையென்றால் வேலையைப் பிரித்துக்கொள்ளலாம். கட்டுவதும் பிரிப்பதும் நீங்கள், பெட்டிகளைத் தூக்குவது நண்பர்கள், பீரோ, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் மட்டும் அனுபவமுள்ள ஆட்கள். படிக்கட்டில் இரும்பு பீரோ இறக்குவதை நட்புக்காக யாரிடமும் கேட்காதீர்கள். கீழே நிற்பவர் கை நழுவினால் அந்தக் காயத்துக்கு ஆகும் செலவு, மிச்சம் பிடித்த கூலியைப் போலப் பல மடங்கு.

பணத்தைத் தாராளமாகச் செலவழிக்கச் சொல்வது ஒரே ஒரு இடத்தில்: இரண்டு வீட்டுச் சாவியும் இரண்டு மூன்று நாள் ஒன்றாகக் கையில் இருப்பது. அதற்காகக் கூடுதல் வாடகை கொடுக்க நேர்ந்தாலும் கொடுங்கள். வீட்டுக்காரரிடம் கேட்டால் சும்மாவே கிடைக்கவும் வாய்ப்புண்டு. காலி வீட்டைச் சுத்தம் செய்யலாம், சின்னப் பெட்டிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோய் வைக்கலாம். எல்லாவற்றையும்விட, சாமான் வந்து குவிவதற்கு முன்பே குழந்தைக்கு ஆபத்தானவை என்னென்ன என்று பார்த்துச் சரிசெய்துவிடலாம்.

குழந்தைகளிடம் சொல்வது

மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு 'அடுத்த மாதம்' என்பது புரியாது. ஒரு வாரம், பத்து நாள் முன்னால் சொன்னால் போதும். சொன்னதையே தினமும் சொல்ல வேண்டியிருக்கும். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளிடம் முடிவானதுமே சொல்லிவிடுங்கள். பெரியவர்கள் போனில் பேசுவதை அரைகுறையாகக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவர்களுக்கு நல்லதல்ல. பதின்பருவப் பிள்ளைகளிடம், முடிந்தால், முடிவெடுக்கும் முன்பே பேசுங்கள். முடிவு மாறாவிட்டாலும் அவர்களுக்கு எது கஷ்டம் என்பதாவது நமக்குத் தெரியவரும்.

எது கூட வரும், எது வராது என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். கட்டில் வரும், சைக்கிள் வரும், பூனை வரும், பக்கத்து வீட்டுப் பிள்ளை வர மாட்டான். அழுதால் அழட்டும், கூட உட்கார்ந்திருங்கள். சமாதானப்படுத்துகிறேன் என்று தனி அறை, நாய்க்குட்டி, தோட்டம் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்ததை நிறைவேற்ற முடியாமல் போனால் அடுத்து நீங்கள் சொல்லும் எதையும் நம்ப மாட்டார்கள்.

தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இரண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள் வாழ்க்கை மாற்றங்களின் சுமைக்கு மதிப்பெண் போட்டு 1967-ல் ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். வாழ்க்கைத் துணையை இழப்பதற்கு 100. வீடு மாறுவதற்கு 20 மட்டும்தான். ஆனால் பள்ளி மாறுவதற்குத் தனியாக 20, பண நிலைமை மாறுவதற்கு 38. அந்த மதிப்பெண்கள் பெரியவர்களுக்கானவை; ஆனாலும் ஒன்றோடொன்று கூடிக்கொண்டே போகும் என்ற விஷயம் குழந்தைகளை வைத்திருப்பவர்களுக்கும் உதவும். வீடு மாறும் மாதத்தில் வேறு எதையும் மாற்றாதீர்கள். பால்புட்டியை நிறுத்துவது, கழிப்பறைப் பழக்கம் ஆரம்பிப்பது, தனியாகப் படுக்க வைப்பது எல்லாம் இரண்டு மாதம் தள்ளிப் போகட்டும். ஏற்கெனவே பழகிய பிள்ளை திரும்பப் படுக்கையை நனைத்தால் திட்டாமல் விட்டுவிடுங்கள். வீடு பழகப் பழக அது பெரும்பாலும் தானாக நின்றுவிடும்.

புது வீட்டை ஒருமுறையாவது நேரில் காட்டுங்கள். தூரமாக இருந்தால் வீடியோ எடுத்து வாருங்கள். வெறும் அறைகளை மட்டும் எடுக்காமல் வாசலிலிருந்து பள்ளிக்குப் போகும் வழி, பக்கத்துப் பூங்கா, மாடிப்படி எல்லாவற்றையும் எடுங்கள். சின்னச் சின்னத் தேர்வுகளை அவர்களிடமே விடலாம்: கட்டில் இந்தச் சுவரிலா அந்தச் சுவரிலா, இந்த விரிப்பா அந்த விரிப்பா. வீடு மாறலாமா வேண்டாமா என்பதை மட்டும், ஏற்கெனவே முடிவான பிறகு, கேள்வியாகக் கேட்காதீர்கள்.

பெட்டி கட்டுவது

அட்டைப்பெட்டிக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. மருந்துக்கடை, புத்தகக்கடை, அலுவலகங்களில் கேட்டுப் பாருங்கள். அலுவலகக் காகிதக் கட்டு வரும் பெட்டிகள் சின்னதாக, உறுதியாக, மூடியோடு இருக்கும்; புத்தகத்துக்கு அதைவிட நல்லது கிடையாது. உணவுப் பொருள் வந்த பெட்டிகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அட்டையின் நெளிவுகளுக்குள் கரப்பான்பூச்சி முட்டைக்கூடு ஒளிந்திருக்கும், பெட்டியோடு அதுவும் புது வீட்டுக்கு வரும். காசு செலவழிப்பதானால் நல்ல டேப், தடிமனான மார்க்கர் இரண்டிலும் செலவழியுங்கள். மட்டமான டேப் ஒட்டிய பெட்டி படியில் அடி பிரிந்துவிடும்.

குமிழி உறைகளும் வேண்டியதில்லை. துண்டு, போர்வை, குளிர்காலத் துணி எல்லாம் எப்படியும் கட்டித்தான் ஆக வேண்டும், அவற்றிலேயே கண்ணாடிப் பாத்திரங்களைச் சுற்றுங்கள். தட்டுகளைப் படுக்க வைக்காமல் செங்குத்தாக நிறுத்தி அடுக்கினால் உடைவது குறையும். செய்தித்தாளில் சுற்றினால் மை ஒட்டும், வெள்ளைப் பொருளுக்கு ஆகாது.

பெட்டியின் எடை நீங்கள் ஒருவரே சிரமமில்லாமல் தூக்கும் அளவுக்குள் இருக்கட்டும், சுமார் 15 கிலோ. கனமானது சின்னப் பெட்டியில், லேசானது பெரிய பெட்டியில். சக்கரம் வைத்த பயணப் பெட்டி இருந்தால் அதில் துணி வைத்து வீணாக்காமல் புத்தகத்தை வையுங்கள்.

ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு எண், போக வேண்டிய அறை, இரண்டையும் பக்கவாட்டில் இரண்டு பக்கம் எழுதுங்கள். மேலே எழுதினால் அடுக்கியபிறகு தெரியாது. உள்ளே என்ன இருக்கிறது என்பது ஒரு நோட்டுப் புத்தகத்தில் எண்ணுக்கு நேராக இருக்கட்டும். விலை உயர்ந்தது எது என்பது வெளியே தெரியாது, ஒரு பெட்டி குறைந்தால் உடனே தெரிந்துவிடும். கட்டிலைக் கழற்றிய ஸ்க்ரூக்களை ஒரு சின்னப் பையில் போட்டு அந்தக் கட்டிலின் சட்டத்திலேயே ஒட்டிவிடுங்கள். டிவி, இணைய மோடத்தின் பின்பக்க வயர்களை உருவுவதற்கு முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

தினமும் ஒரு அறையில் ஒரு மூலை என்று போனால் போதும். அதிகம் தொடாத பொருள்களில் தொடங்குங்கள். குழந்தைகளின் அறை கடைசியில் கட்டப்பட்டு, முதலில் பிரிக்கப்பட வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெட்டி கொடுத்து அவர்களே நிரப்பி, மேலே படம் வரையட்டும். உள்ளே எப்படி அடுக்கியிருக்கிறார்கள் என்று திருத்தப் போகாதீர்கள்.

கட்டும் நாட்களில் வீடு குழந்தைக்கு ஆபத்தான இடமாகிவிடுகிறது. மெல்லிய பிளாஸ்டிக் தாள் குழந்தையின் மூக்கையும் வாயையும் மூடிவிடும். ஒவ்வொரு நாளும் சுருட்டி உயரத்தில் வையுங்கள். கத்தி, கத்தரிக்கோல், மருந்துகள் திறந்த பெட்டியில் கிடக்கக் கூடாது. ரிமோட், பேசும் பொம்மை, கடிகாரங்களிலிருந்து கழன்று விழும் வட்டமான பொத்தான் பேட்டரி எல்லாவற்றையும்விட மோசமானது. விழுங்கிய பேட்டரி தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். கட்ட ஆரம்பிக்கும் முதல் நாளே அவற்றின் மூடிகளை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள்.

பெரிய இயந்திரங்கள்

ஃப்ரிட்ஜை முந்தைய நாளே நிறுத்தி, பனி உருகவிட்டுத் துடைத்துவிடுங்கள். நிமிர்ந்தபடியே கொண்டுபோவதுதான் நல்லது. படுக்க வைத்துக் கொண்டுபோக நேர்ந்தால் கம்ப்ரசரில் இருக்கும் எண்ணெய் குழாய்களுக்குள் ஏறிவிடும். அங்கே போய் நிமிர்த்தி, எண்ணெய் இறங்கச் சில மணி நேரம் விட்டு, நீண்ட நேரம் படுத்திருந்ததானால் ஒரு நாள் விட்டு, அதற்கப்புறம்தான் சுவிட்ச் போட வேண்டும். பழைய ஃப்ரிட்ஜை விட்டுவிட்டுப் போவதானால் கதவைக் கழற்றிவிட்டுப் போங்கள். கண்ணாமூச்சி ஆடும் குழந்தைகள் உள்ளே ஒளிந்து வெளியே வர முடியாமல் இறந்த சம்பவங்களுக்குப் பிறகுதான், உள்ளிருந்தும் கதவு திறக்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1956-ல் தனிச் சட்டமே வந்தது. காந்தக் கதவானாலும், ஒன்றின் மேல் ஒன்று சாமான் சாய்ந்திருந்தால் சின்னக் கையால் தள்ள முடியாது.

முன்பக்கம் கதவு உள்ள வாஷிங் மெஷினுக்கு, புதிதாக வந்தபோது பின்னால் மாட்டியிருந்த போல்ட்டுகளைத் தேடி எடுத்துத் திரும்ப மாட்டுங்கள். டிரம் ஆடாமல் இருக்க அவைதான் பிடி. குழாயில் தேங்கிய தண்ணீரை வடித்துவிடுங்கள். தட்டை டிவியைப் படுக்க வைக்கக் கூடாது, நிமிர்த்தி இரண்டு மெத்தைகளுக்கு நடுவில் வைக்கலாம். முகம் பார்க்கும் கண்ணாடிமேல் பெருக்கல் குறியாக டேப் ஒட்டினால் உடைந்தாலும் சில்லுகள் சிதறுவது குறையும். நிரம்பிய எரிவாயு சிலிண்டர், பெயின்ட், தின்னர், மண்ணெண்ணெய் இவற்றை மூடிய சாமான் வண்டியில் ஏற்றவே வேண்டாம்.

புது வீட்டில் குழந்தையின் உயரத்திலிருந்து ஒரு சுற்று

சாமான் வருவதற்கு முன், தரையில் முட்டி போட்டு வீடு முழுவதும் ஒருமுறை தவழ்ந்து பாருங்கள். நின்றபடி பார்த்தால் தெரியாத பலவும் கண்ணில் படும். சிங்க் அடியிலும் அலமாரி மூலையிலும் முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன எலி மருந்து, பூச்சி மருந்து, ஆணி, உடைந்த கண்ணாடித் துண்டு கிடக்கும்.

பால்கனி, மாடிப்படிக் கம்பிகளின் இடைவெளி 10 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் சின்னக் குழந்தை அதில் நுழைய முடியும். பல நாட்டுக் கட்டட விதிகள் இந்த அளவைத்தான் எல்லையாக வைத்திருக்கின்றன. இடைவெளி அதிகமாக இருந்தால் கெட்டியான வலை கட்டிவிடலாம், பெரிய செலவில்லை. ஜன்னல் திரையின் தொங்கும் கயிறு வளையமாக இருந்தால் கழுத்தில் மாட்டிக்கொள்ளும். வெட்டிவிடுங்கள், அல்லது உயரத்தில் சுருட்டிக் கட்டுங்கள்.

பழைய வீட்டில் சுவர் பெயின்ட் உரிந்திருந்தால் நீங்களே சுரண்டாதீர்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், சுரண்டும் தூசியில் அது பறந்து படியும், கையை வாயில் வைக்கும் குழந்தைகளின் உடலுக்குள் போகும். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. உரிந்த இடத்தை ஈரத் துணியால் துடைத்து, மேலே ஒட்டி மூடிவிட்டு, வீட்டுக்காரரிடம் முறைப்படி செய்து தரச் சொல்லுங்கள். கொஞ்ச நாள் பூட்டிக் கிடந்த வீடானால் குழாய்களைச் சில நிமிடம் திறந்துவிட்டுத் தேங்கிய தண்ணீரை வெளியேற்றிவிட்டுத்தான் குடிக்கவும் சமைக்கவும் பிடிக்க வேண்டும்.

பூட்டு முழுவதையும் மாற்ற வசதியில்லை என்றால் பல பூட்டுகளில் உள்ளே இருக்கும் உருளையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். முன்பு இருந்தவர்கள் யார் யாரிடம் சாவி கொடுத்து வைத்திருந்தார்கள் என்று நமக்குத் தெரியாதல்லவா?

கையோடு வர வேண்டிய பை

வண்டியில் ஏறக் கூடாத ஒரு பை. அதில்:

- பிறப்புச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, வாடகை ஒப்பந்தம், நகை, பணம்
- வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகள், காய்ச்சல் மருந்து, காயத்துக்கு வேண்டியவை
- எல்லோருக்கும் இரண்டு நாள் உடுப்பு, குழந்தைக்கு வேண்டிய டயப்பர்
- சார்ஜர், டார்ச், கத்தரிக்கோல், ஸ்க்ரூ டிரைவர், பல்பு ஒன்றிரண்டு
- சோப்பு, துண்டு, கழிப்பறைத் தாள், குப்பைப் பை
- குழந்தை இல்லாமல் தூங்காத அந்த ஒரு பொருள்

கடைசியில் உள்ளது போர்வைத் துண்டாக இருக்கலாம், காது பிய்ந்த கரடியாக இருக்கலாம். அதை ஒரு நிமிடம்கூட எந்தப் பெட்டியிலும் போடாதீர்கள். புது வீட்டுக்குச் சுத்தமாகப் போகட்டும் என்று துவைக்கவும் வேண்டாம். டொனால்ட் வின்னிகாட் என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் 1950-களிலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்: அந்தத் துணியின் அழுக்கும் வாசனையும்தான் குழந்தைக்குத் தொடர்ச்சியைத் தருகின்றன, துவைத்தால் அது அறுந்துபோகும் என்று. தலையணை உறை, படுக்கை விரிப்பையும் துவைக்காமல் அப்படியே கொண்டுபோய் முதல் ராத்திரி விரியுங்கள்.

மாறும் நாள்

குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது மட்டுமே வேலை என்று ஒருவர் இருக்க வேண்டும். நடுநடுவே பெட்டி தூக்கப் போகிறவர் அல்ல. உதவிக்கு வரும் நண்பர்களில் ஒருவரை இதற்கென்றே ஒதுக்கினால் மற்ற எல்லோருடைய வேலையும் வேகமாக நடக்கும். தெரிந்தவர் வீட்டில் விடுவதும் நல்லதுதான். ஆனால் காலையில் விட்டு, ராத்திரி நேராகப் புது வீட்டுக்குக் கூட்டிப் போனால் பழைய வீடு என்ன ஆயிற்று என்று குழந்தைக்குப் புரியாது. சாமான் ஏறுவதைக் கொஞ்ச நேரமாவது பார்க்கட்டும், காலியான அறைகளை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கிளம்பட்டும்.

எங்கும் விட வழியில்லை என்றால் ஒரு அறையை முதலிலேயே காலி செய்துவிட்டு, பாய், பொம்மை, தண்ணீர், தின்பதற்கு ஏதாவது வைத்து, கூடவே ஒரு பெரியவர் உட்கார்ந்துகொள்ளலாம். ஜன்னல், பால்கனி ஓரத்தில் பெட்டி அடுக்க வேண்டாம். குழந்தைக்கு அது படிக்கட்டு. வண்டி பின்னால் வரும்போது ஒவ்வொரு குழந்தையின் கையும் யாராவது ஒருவர் கையில் இருக்க வேண்டும். சாமான் வண்டியின் பின்னால் யாரையும் உட்கார வைக்காதீர்கள், எவ்வளவு பக்கமாக இருந்தாலும்.

கனமானவை ஓட்டுநர் பக்கம், லேசானவை கதவுப் பக்கம். குழந்தைகளின் கட்டிலும் மெத்தையும் எல்லாவற்றுக்கும் கடைசியில் ஏறட்டும், அப்போதுதான் முதலில் இறங்கும். கிளம்பும் முன் பரண், கதவுகளின் பின்புறம், துணி காயும் கொடி மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

முதல் ராத்திரி, முதல் வாரம்

வேறு எந்தப் பெட்டியைத் திறக்காவிட்டாலும் குழந்தைகளின் படுக்கையைப் போட்டுவிடுங்கள். பழைய வீட்டில் கட்டிலின் எந்தப் பக்கம் சுவர் இருந்ததோ அந்தப் பக்கமே இங்கேயும் இருந்தால் நல்லது. இருட்டுவதற்கு முன்பே, படுக்கையிலிருந்து கழிப்பறைக்கும் உங்கள் அறைக்கும் போகும் வழியைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள். விளக்கை அணைத்துவிட்டு இன்னொரு முறை போய்ப் பாருங்கள். வழியில் பெட்டி ஏதும் இருக்கக் கூடாது. தூங்கும் நேரமும், தூங்கும் முன் செய்யும் வழக்கங்களும் அன்றைக்கும் அதே வரிசையில் நடக்கட்டும், அதற்காக வேலை பாதியில் நின்றாலும் பரவாயில்லை.

மறுநாள் காலையில் செய்ய வேண்டிய ஒன்று: உயரமான அலமாரி, இழுப்பறைப் பெட்டி, டிவி ஸ்டாண்டு இவற்றைச் சுவரோடு சேர்த்துப் பிணைப்பது. இழுப்பறைகளைத் திறந்து படிபோல ஏறும் வயதில், மொத்த அலமாரியும் மேலே சாய்ந்துவிடும். ஒரு சின்ன இரும்புக் கோணமும் இரண்டு ஸ்க்ரூவும்தான் செலவு. சுவரில் துளை போட வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டு வையுங்கள். சுத்தம் செய்யும்போது வாளியில் தண்ணீரை விட்டுவிட்டு நகராதீர்கள். சில சென்டிமீட்டர் தண்ணீர்கூட தவழும் குழந்தையை மூழ்கடிக்கும்.

செலவுக் கணக்கில் பலரும் விட்டுவிடுவது இந்த முதல் வாரத்தைத்தான். பல்பு, திரைக்கம்பி, துடைப்பம், எலக்ட்ரீஷியன் கூலி, சமைக்க முடியாமல் வெளியே வாங்கும் சாப்பாடு, விடுப்பு எடுத்த நாட்களின் சம்பளம் என்று சேர்ந்துகொண்டே போகும். மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கையாவது இதற்கென்று தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

கணக்கு முடிப்பது

பழைய வீட்டைக் காலி செய்தவுடன் ஒவ்வொரு சுவரையும், குழாயையும், மின்சாரம், தண்ணீர் மீட்டர்களின் அளவையும் போட்டோ எடுங்கள். புது வீட்டிலும் சாமான் இறக்கும் முன் அதையே செய்யுங்கள். அட்வான்ஸ் தொகையில் பிடித்தம் பற்றிப் பேச்சு வந்தால் இந்தப் படங்கள்தான் பேசும். சாவியைக் கொடுக்கும்போது பெற்றுக்கொண்டதாக ஒரு செய்தி வாங்கிக்கொள்ளுங்கள்.

வங்கி, பள்ளி, வேலையிடம், காப்பீடு, மின் இணைப்பு ஆகியவற்றில் முகவரி மாற்றுவதை ஒரே நாளில் உட்கார்ந்து முடித்துவிடலாம். உடைந்த பொருள் ஏதாவது இருந்தால் பெட்டியோடு சேர்த்துப் படம் எடுத்து, வண்டிக்காரருக்கு அன்றைக்கே அனுப்புங்கள். நாள் போகப் போக அவர்கள் பொறுப்பேற்க மாட்டார்கள். காலியான பெட்டிகளைக் கிழிக்காமல் டேப்பை மட்டும் அறுத்து மடக்கி வைத்தால் அடுத்து வீடு மாறும் யாருக்காவது கொடுக்கலாம். கொடுப்பதற்கு முன் அடி மடிப்புகளை ஒருமுறை பிரித்துப் பாருங்கள், குழந்தைகளின் சின்னச் சின்னப் பொம்மைகள் அங்கேதான் சிக்கிக் கிடக்கும்.